குளிரில் ஓர்கிட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், கண்டியில் பூவோடு ஒரு பெலனோப்சிஸ் ஓர்கிட் வாங்கி வந்தேன். பூ கொட்டிய பிறகு அடி இலைகள் மஞ்சளாகி, தண்டோடு ஒட்டிய இடம் கொழகொழவென்று ஆகிறது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன உரம் போடலாம்?
– வாசகி, நானுஓயா

பதில்: உரம் வேண்டாம் தங்கச்சி. முதலில் அந்த மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். பெலனோப்சிஸ் வெப்பநாட்டுச் செடி. இரவில் 16, 18 பாகையாவது வேண்டும். உங்கள் பக்கம் ஜனவரி இரவில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் வேர் தண்ணீரை இழுக்காது. ஊற்றியது விடியும்வரை அப்படியே கிடந்தால் அழுகாமல் என்ன செய்யும்?

செடியை வெளியே எடுத்து, வேர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். காய்ந்திருந்தால் வெள்ளிச்சாம்பல் நிறம், நனைந்தால் பச்சை. செத்த வேரை இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிஞ்சும். நெருப்பில் காட்டி ஆறவிட்ட பிளேடால் அதையெல்லாம் வெட்டி, வெட்டிய இடத்தில் மட்டும் கறுவாத்தூள் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும். மறுநாள், ஓட்டை நிறைய உள்ள சின்னத் தொட்டியில் கரித்துண்டும் உடைந்த ஓடும் போட்டு நடுங்கள். தேங்காய்ப் பொச்சுத் துண்டு கொழும்புக்குச் சரி. நம் மலைநாட்டு மூடுபனியில் நாட்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும்.

இனி வேர் வெளுத்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில். குருத்தில் தேங்கியதைப் பழைய துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள். குருத்தே கறுத்துவிட்டதென்றால் பெரும்பாலும் ஆசையை விட வேண்டியதுதான். அடியில் குட்டி வந்தால் அதிர்ஷ்டம். சூடாக இருக்கட்டும் என்று குசினியில் வைக்காதீர்கள். விறகடுப்புப் புகைக்கு மொட்டு உதிரும்; பக்கத்தில் வாழைக்குலை பழுத்தாலும் அதே கதை. கிழக்குப் பார்த்த ஜன்னல் போதும், இரவில் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி.

கேள்வி: என் சிம்பிடியம் ஓர்கிட் ஹோலில் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது. தேயிலைக்குப் போடும் யூரியாவும் கொஞ்சம் போடுகிறேன். பூ மட்டும் இல்லை.
– வாசகர், ஹட்டன்

பதில்: சொகுசு கூடிப்போச்சு ஐயா! வெளியே தூக்கி வையுங்கள். இதன் முன்னோர்கள் இமயமலைப் பக்கத்தவை. பகலில் நல்ல வெளிச்சமும் இரவில் 10 முதல் 14 பாகைக் குளிரும் கிடைத்தால்தான் பூத்தண்டு விடும். நானுஓயாத் தங்கச்சியின் செடியைக் கொல்லும் அதே குளிர்தான் உங்களுடையதைப் பூக்க வைக்கும். இலை வெளிர்ப்பச்சைக்கு மாற வேண்டும். கரும்பச்சை என்றாலே வெளிச்சம் போதவில்லை. உச்சிவெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள். யூரியாவைத் தேயிலைக்கே விட்டுவிடுங்கள், அது இலையைத்தான் வளர்க்கும். தண்டு தலைகாட்டியதும் இரவில் டோர்ச் எடுத்துக்கொண்டு நத்தை தேடுங்கள். ஓடில்லாத நத்தை இளம் மொட்டை ஒரே இரவில் கடித்துத் தீர்த்துவிடும். உறைபனி விழும் போலிருந்தால் அன்றைக்கு மட்டும் தாழ்வாரத்துக்குள் எடுங்கள்.

கேள்வி: இரத்தினபுரியில் இருக்கும் மாமா காட்டிலிருந்து வெசாக் மல் எடுத்து அனுப்புவதாகச் சொல்கிறார். வளருமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம் தம்பி. மே மாதத்தில் பூக்கும் அந்த டென்ட்ரோபியம் ஓர்கிட் இலங்கைக்கே உரியது, அருகிவருவது. காட்டிலிருந்து பிடுங்குவது சட்டப்படி குற்றம். தாழ்நில மழைக்காட்டுச் செடி தலவாக்கலைக் குளிருக்குத் தாங்கவும் செய்யாது. மாமா ஏதாவது அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் றம்புட்டான் கேளுங்கள்.