கூடையைப் பார்த்தே எடை சொல்கிற படிப்பு

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

"எலக்ட்ரானிக்ஸ் படிக்க அனுப்பினேன். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு 'சரகேட் மாடல்' என்று ஏதோ சொல்லிக்கொண்டு இரவெல்லாம் கணினி முன்னாலேயே கிடக்கிறாள். வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர் நீங்கள். இது உங்களுக்கு எட்டாத விஷயம் இல்லை.

விடியற்காலை ஏலத்தில் ஒவ்வொரு கூடையையும் தராசில் ஏற்ற நேரம் ஏது? பார்த்தவுடன் இத்தனை கிலோ தேறும் என்று விலை கேட்டுவிடுகிறீர்கள். ஆயிரக்கணக்கான கூடைகளை நிறுத்துப் பழகிய கண் அது. மகள் கணினிக்கு அந்தக் கண்ணைத்தான் பழக்குகிறாள்.

சிப்புக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்ச்தான் டிரான்சிஸ்டர். அதைத் தயாரிக்கும் முன், கணினியில் அதை நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்புலமும் மின்னோட்டமும் எப்படி இருக்கும் என்று கணக்கிடுவார்கள். ஒரு வடிவமைப்புக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கேட் நீளம், ஆக்ஸைடு தடிமன் என்று 6 அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்புகள். மொத்தம் 10 லட்சம் சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஓட்டி முடிக்க 19 ஆண்டு ஆகும்! பரவலாக 200 மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒன்றரை நாளுக்குள் முடிந்துவிடும். அந்த 200 விடைகளிலிருந்து கற்ற பதிலி மாதிரி, மற்றவற்றை நொடியில் மதிப்பிடும். மகள் சொல்லும் 'சரகேட் மாடல்' இதுதான். தெரிந்த இடங்களின் அளவிலிருந்து தெரியாத இடத்தை மதிப்பிடும் 'கிரிகிங்' முறை இதில் புழங்குகிறது. அதற்கு வேர், தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டேனி கிரிக் 1951-இல் தங்கச் சுரங்கத்துக்காகச் செய்த ஆய்வு.

பழகாத மீன் வந்தால் உங்கள் கணக்கும் பிசகும். கற்ற எல்லையைத் தாண்டிக் கேட்டால் பதிலி மாதிரியும் கூசாமல் தவறாகச் சொல்லும். அதைப் பிடிக்க இயற்பியல் தெரிந்த ஆள் வேண்டும். சம்பளம் அந்த ஆளுக்குத்தான்.

ஒரு மாணவர் 99 சதவீதத் துல்லியம் என்று அறிக்கை கொண்டுவந்தார். கசிவு மின்னோட்டத்தின் (அணைத்த பிறகும் கசியும் மின்சாரம்) வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சில இடங்களில் மைனஸ்! அணைத்து வைத்த டிரான்சிஸ்டரில் மின்சாரம் பின்னோக்கி ஓடுகிறதாம். அந்த மின்னோட்டம் லட்சம் மடங்குகூட ஏறி இறங்கும். அப்படியே கற்பித்தால் பெரிய எண்கள் சிறியவற்றை விழுங்கிவிடும். எண்களின் லாகரிதத்தை எடுத்துக் கற்பித்திருந்தால் போதும்; பெரியதும் சிறியதும் ஒரே அளவுக்குள் வந்துவிடும், மைனஸும் வராது. அவருக்கு மைனஸே கண்ணில் படவில்லை.

ஆகவே புராஜெக்டைத் தடுக்காதீர்கள். குறைக்கடத்திப் பாடத்தை மட்டும் அவள் கைவிடக் கூடாது. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசம், நிரல் எழுதும் பைத்தான் மொழியும் இலவசம். கடன் வாங்கிச் சான்றிதழ் வகுப்பில் சேர்க்க வேண்டாம். 'சரகேட் மாடல்' என்ற பெயரிலேயே விளம்பரம் வருவது அரிது. சிப் வடிவமைப்பு, சாதன மாடலிங் என்று தேட வேண்டும். அங்கே பெரும்பாலும் எம்.டெக். எதிர்பார்ப்பார்கள். அதனால் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கு இப்போதே படிக்கட்டும் (டிரான்சிஸ்டரில் உள்ள கேட் வேறு).

இன்றிரவு அவளிடம் ஒன்று கேளுங்கள்: "உன் சரகேட் மாடல் எங்கே தப்பாகச் சொல்லும்?" சட்டென்று பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். அவள் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்தால் சனிக்கிழமை என்னிடம் அழைத்து வாருங்கள். ஏலம் முடிந்து வந்தால் போதும்.