பேட்ஜர் 5 டிஸ்போசலின் கிழிந்த ரப்பரை மாற்றுவது

வணக்கம். சிங்க்கின் அடியில் உணவுக் கழிவை அரைக்கும் உங்கள் டிஸ்போசல் இயந்திரம், இன்சிங்க்கரேட்டர் பேட்ஜர் 5, ஓடும்போது உணவுத் துணுக்குகள் மேலே தெறிப்பதாகவும், கிழிந்த ரப்பர் தடுப்பை மேலிருந்து எவ்வளவு இழுத்தும் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இனி இழுக்காதீர்கள். இந்த மாடலில் அந்த ரப்பர், தெறிப்பைத் தடுப்பதோடு, சிங்க்குக்கும் இயந்திரத்துக்கும் இடையே நீர் கசியாமல் காக்கும் வளையமாகவும் இருப்பதால், இயந்திரத்தைக் கீழே இறக்காமல் அதை மாற்ற முடியாது. கையால் கழற்றக்கூடிய தடுப்பு இதே நிறுவனத்தின் எவல்யூஷன் வரிசைக்கு உரியது, வாங்கும்போது குழம்பிவிடாதீர்கள்.

முதலில் பிரேக்கரை அணைத்து, சுவிட்சைப் போட்டுப் பார்த்து, மோட்டார் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வடிகால் குழாயையும், டிஷ்வாஷர் ஹோஸ் இணைந்திருந்தால் அதையும் கழற்றுங்கள். இயந்திரம் ஏறத்தாழ 6, 7 கிலோ இருக்கும். அதைச் சிங்க்கோடு பூட்டியிருக்கும் உலோக வளையத்தைத் திருப்பியதும் இயந்திரம் சட்டென்று கையில் இறங்கும் என்பதால், அடியில் ஒரு பெயின்ட் டப்பாவையோ கனமான புத்தகங்களையோ முன்கூட்டியே அடுக்கி வைப்பது மிகவும் அவசியம்.

பழைய ரப்பரை உரித்த பின், அதன் அடியில் படிந்திருக்கும் வழவழப்பான அழுக்கை முழுவதும் துடைத்தெடுங்கள், ஏனெனில் பெரும்பாலான நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. புதிய ரப்பரின் உதட்டில் சிறிது பாத்திர சோப்பு தடவினால் எளிதாகப் பொருந்தும். இயந்திரத்தை மீண்டும் மேலே தூக்கி, பூட்டு வளையத்தின் மூன்று காதுகளும் (பிடிப்புகளும்) முழுமையாகப் பூட்டிக்கொண்ட பிறகு, கழற்றிய குழாய்களை இணைத்து, சிங்க்கை அடைத்து நீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, இணைப்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.