தேயிலை எந்த அலமாரியில் இருக்கிறது?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: அடுத்து என்ன படிப்பது, அதை எங்கே தேடுவது? அதனால் இந்த இதழ் முழுக்கப் புத்தகப் பேச்சுதான்.

எங்கள் பாடசாலை நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களை எல்லாம் முடித்துவிட்டேன். போனில் தேடினால் எல்லோரும் அதே பத்து நாவல்களைத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கதையும் வேண்டும், கதை அல்லாததும் வேண்டும். புதிதாக ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?
*உயர்தர மாணவி, நோர்வூட்*

தங்கச்சி, நானும் ஒரு பட்டியல் போட்டுத் தரலாம். ஆனால் அது முடிந்ததும் இதே கேள்வியோடுதான் மறுபடி எழுதுவீர்கள். அதனால் வேறு வழி ஒன்று சொல்கிறேன். பிடித்துப்போன ஒரு புத்தகத்தை எடுங்கள், அதைப் படிக்கும்போது மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும் அல்லவா, அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த புத்தகத்துக்கு அந்தக் கேள்விதான் கூட்டிக்கொண்டு போகும்.

நம் ஊர்க் கதையையே வைத்துக் காட்டுகிறேன். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ என்ற நெடுங்கதை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்ணான மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து படும் பாடுதான் கதை. படித்து முடித்தால் சும்மா இருக்க முடியாது. உங்களுக்கு உடனே ஒன்று தோன்றும்: இது கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து எழுதியது, இங்கே தோட்டத்திலேயே பிறந்தவர் எழுதினால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்வி உங்களை சி.வி. வேலுப்பிள்ளையிடம் கொண்டுபோகும். அவர் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். கவிதை எழுதினார், நாவல் எழுதினார், நம் மக்கள் பாடிய பாட்டுகளையும் தேடித் தொகுத்தார். தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பிடமும் அதே கேள்வி கொண்டுபோகும். அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பைப் படிக்காமல் உயர்தரத்தை முடிக்காதீர்கள், இது என் அன்புக் கட்டளை. ஒரு பெண் எப்படிப் பார்த்தார் என்று கேட்டால் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இருக்கிறது.

சரி, இந்தக் கஷ்டமெல்லாம் இங்கே மட்டுமா என்று அடுத்து தோன்றும். அப்போது வால்பாறைத் தோட்டங்களைப் பற்றிய ‘எரியும் பனிக்காடு’ கைக்கு வரவேண்டும். எழுதிய பி.எச். டேனியல் தோட்டங்களில் வேலை செய்த டாக்டர். ஆங்கிலத்தில் 1969இல் வந்ததை இரா. முருகவேள் தமிழாக்கினார். அதில் வரும் கங்காணியும், காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டும் நமக்கு அந்நியமாகவே இருக்காது.

இதுவரை வந்ததில் பெரும்பகுதி கதை. இங்கிருந்துதான் கதை அல்லாததற்குக் கதவு திறக்கிறது. தேயிலைக்கு முன்னால் இந்த மலையில் என்ன இருந்தது? கோப்பி. இரா. சடகோபனின் ‘கண்டிச் சீமையிலே’ அந்தக் கோப்பிக் காலத்தைப் பற்றிய வரலாற்று நூல், ஆனால் படிக்கும்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களோடு நாமும் நடப்போம். அந்தக் கோப்பி ஏன் அழிந்தது என்று கேட்டால் வரலாற்றை விட்டு விஞ்ஞானத்துக்குள் போய்விடுவீர்கள். 1869இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சணம் இலைகளைத் துருப்பிடித்ததுபோல் ஆக்கி, சில பத்தாண்டுகளில் அந்தத் தொழிலையே சாய்த்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் அந்த நோயை ஆராய்ந்தார். மலை முழுவதும் ஒரே பயிரை நட்டதால்தான் நோய் அவ்வளவு வேகமாகப் பரவியது என்றார். ஒரே பயிரா? அப்படியென்றால் அதற்கு முன் இருந்த காடு எப்படிப்பட்டது? அங்கிருந்து காடு, பறவை, மண் பற்றிய புத்தகங்கள் தொடங்குகின்றன. தியடோர் பாஸ்கரனின் சூழலியல் கட்டுரைகளைத் தமிழில் தேடிப் படியுங்கள், அவ்வளவு தெளிவான தமிழ்.

பார்த்தீர்களா, மருதியிடம் தொடங்கி பூஞ்சணம் வரை வந்துவிட்டோம். இதில் எதுவும் அந்தப் பத்து நாவல் பட்டியலில் வராது. ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரையில் ஆசிரியர் நன்றி சொல்லும் பெயர்கள், உள்ளே அவர் சண்டை பிடிக்கும் பெயர்கள், பின்னால் இருக்கும் உசாத்துணை எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். நாம் தாண்டிப் போகிற அந்தப் பக்கங்களில்தான் புதையல் இருக்கிறது.

கண்டியில் பெரிய நூலகத்துக்குப் போனேன். அலமாரிகளைப் பார்த்ததுமே மலைத்துப்போய் பத்திரிகை மட்டும் வாசித்துவிட்டு வந்துவிட்டேன். தேயிலை பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்கவும் கூச்சம்.
*இளைஞர், கம்பளை*

தம்பி, கேட்டிருக்கலாம், அதற்குத்தான் நூலகர் இருக்கிறார். ஆனாலும் நீங்களே தேடும் சுகம் தனி. நம் நாட்டு நூலகங்களில் பெரும்பாலும் மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட எண் முறைதான். உலக அறிவை 000 முதல் 999 வரை பிரித்து, புத்தகத்தின் முதுகில் அந்த எண்ணை ஒட்டியிருப்பார்கள். இப்போது நீங்கள் கேட்ட தேயிலையையே எடுங்கள். அது ஒரே அலமாரியில் இல்லை. பயிர் என்றால் 633.72, பக்கத்திலேயே 633.73இல் கோப்பி. அதைப் பறிக்கும் தொழிலாளி 331இல் இருப்பார். இலங்கை வரலாறு 954.93. கொழுந்து பறிக்கிறவளைப் பற்றித் தமிழில் யாராவது நாவல் எழுதியிருந்தால் அது 894.811இல், தமிழ் இலக்கியத்தோடு. நாலு இடத்திலும் போய் நின்று, தேடிப்போன புத்தகத்துக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டுங்கள். போன் காட்டாத புத்தகம் அங்கேதான் அகப்படும்.

இன்னொரு பெயரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அதில் இரண்டு. உலகம் முழுக்க நூலகர்கள் படிக்கும் விதி அது. ஆகவே அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டு அடுத்த முறை நேராகப் போய்க் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன். பழைய மலையக நூல்கள் கடைகளில் இல்லை. இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களின் விலை என் ஓய்வூதியத்துக்குக் கட்டாது. கண்ணும் முன்போல் இல்லை.
*வாசகர், பண்டாரவளை*

சேர், பழைய நூல்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இருக்கும் இணையத்தளம். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம், அந்த வேலையின் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய மலையகச் சஞ்சிகைகளை அங்கே புரட்டிப் பாருங்கள், நூல் வடிவம் பெறாமலே போன எத்தனையோ கதைகள் சஞ்சிகைகளில்தான் கிடக்கின்றன.

கண்ணுக்காக ஒரு விஷயம். ஸ்கேன் செய்த பக்கம் என்பது படம், பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடிவிடும். ‘மதுரைத் திட்டம்’ என்ற இணையத்தளத்தில் நூல்களைத் தட்டச்சு செய்தே போட்டிருக்கிறார்கள், 1998இலிருந்து நடக்கும் தன்னார்வப் பணி. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி மடிந்து உள்ளேயே நிற்கும். ‘இலவசத் தமிழ் மின்னூல்கள்’ என்ற தளத்தில் போனுக்கு ஏற்ற வடிவமும் உண்டு. டவுனுக்குப் போகும் நாளில் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் டேட்டா இல்லாமலே படிக்கலாம். பேரப்பிள்ளைகள் யாராவது ஒருமுறை காட்டித்தந்தால் போதும்.

அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால் கொழும்பில் செப்டெம்பரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நல்ல சந்தர்ப்பம். தனியாகப் போய் அலைய வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டு ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கி மாற்றிப் படித்தால் பாரம் குறையும்.

மகன் தரம் 8. கதைப் புத்தகம் கொடுத்தால் மூடி வைக்கிறான். கிரிக்கெட் செய்தி மட்டும் வரி விடாமல் வாசிக்கிறான். இவனை எப்படி வாசிக்க வைப்பது?
*ஒரு தாய், ஹட்டன்*

அக்கா, அவன் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான். கதையைத் தொடவில்லை, அவ்வளவுதான். அவனை இழுக்காதீர்கள், அவன் நிற்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். முத்தையா முரளிதரனைப் பற்றி அவனிடமே கேளுங்கள், 800 டெஸ்ட் விக்கெட் என்று உடனே சொல்வான். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என்பது அவனுக்குத் தெரியுமா? அங்கே வரலாறு வந்துவிட்டது. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது, பந்தை எறிகிறார் என்று குற்றம் சொன்னார்கள், பிறகு ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கப்போய் மற்றப் பந்துவீச்சாளர்களின் கையும் கொஞ்சம் மடங்குவது தெரிந்தது, கடைசியில் எல்லோருக்கும் 15 பாகை வரை அனுமதி என்று விதியே மாறியது. எலும்பு, மூட்டு, பாகைமானி எல்லாம் இதில் இருக்கிறது. பந்து ஏன் திரும்புகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு பௌதிகப் புத்தகம் தேவைப்படுகிறது. அதை வாங்கிக் கொடுங்கள். கதை பிறகு தானாக வரும், வராவிட்டாலும் அவன் வாசகன்தான்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா?
*வாசகி, பதுளை*

தாராளமாக. ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள். விட்ட புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாமல் வையுங்கள், ஐந்து வருடம் கழித்து அதுவே உங்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

எங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு அலமாரி கிடைத்திருக்கிறது. முதலில் என்ன வாங்கி வைப்பது?
*இளைஞர் குழு, தலவாக்கலை*

வாங்குவதற்கு முன் லயம் லயமாகப் போய்க் கேளுங்கள். யாருக்கு எதில் ஆர்வம், மரக்கறித் தோட்டமா, சமையலா, சாமி கதையா, வெளிநாட்டு வேலையா, பிள்ளையின் பரீட்சையா என்று பெயரோடு எழுதுங்கள். அந்தப் பெயருக்கு ஒரு புத்தகம் என்று வாங்குங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமாரை விட்டுவிடாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளை ஒரு கொப்பியில் எழுதி அதையும் அலமாரியில் வையுங்கள். எண் கொடுப்பதானால் 398, நாட்டார் வழக்கு. எழுதி முடித்ததும் எங்களுக்குச் சொல்லுங்கள், பார்க்க நான் வருகிறேன்.