பவளப்பாறையைக் காப்பாத்த ஏன் பல நாடு சேரணும், அவங்கவங்க கடலை அவங்கவங்க பார்த்துக்கிட்டா போதாதா?

போதாதுங்க. பவளமும் மீனும் பல சமயம் பிறந்த இடத்துலயே வளர்றது இல்ல, கண்ணுக்கே தெரியாத குஞ்சா நீரோட்டத்துல நாள்கணக்கா, சிலது வாரக்கணக்கா மிதந்து போய் இன்னொரு நாட்டுப் பாறைல கூட சேரும், அதனால இங்க வெடி போட்டு பாறையை ஒடைச்சா அங்க வலைல மீன் குறையும். இதை யோசிச்சுதான் 2009-ல இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், திமோர்-லெஸ்தே ஆறு நாடும் இந்தோனேசியாவோட மனாடோ நகரத்துல கூடி பவள முக்கோணத் திட்டத்துல கையெழுத்து போட்டாங்க. இந்த ஆறு நாட்டைச் சுத்தி இருக்குற, பவளம் நிறைஞ்ச கடலைத்தான் பவள முக்கோணம்னு சொல்றாங்க. உலகத்துல இருக்குற பவள இனத்துல கிட்டத்தட்ட முக்கால்வாசி, 7 கடலாமை இனத்துல 6 அந்தக் கடல்ல இருக்கு.

ஆனா அந்தத் திட்டம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, எனக்கு அதான் பெரிய கவலை. ஒரு உதாரணம் பாருங்க: முங்குறவர் பிளாஸ்டிக் பாட்டில்ல சயனைடு கரைச்சு எடுத்துட்டுப் போய் பாறை இடுக்குல பீச்சுவார், களவா மீன் மயங்கி வெளிய வரும், உயிரோட ஹாங்காங் வரைக்கும் போய் நல்ல விலைக்கு விக்கும், ஆனா சயனைடு பட்ட பவளம் வெளுத்து செத்துடும். பிடிக்கிறது ஒரு நாடு, வாங்குறது இன்னொரு நாடு, அப்போ வாங்குற நாடும் துறைமுகத்துல மீனை செக் பண்ணாம இதை எப்படிங்க நிறுத்த முடியும்?