ஐம்பதாயிரம் கட்டுவதற்கு முன் கலந்தாய்வைப் பாருங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கிராமம். நான் தையல் வேலை பார்க்கிறேன். கணவர் மாட்டுத்தாவணியில் சுமை தூக்குகிறார். இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 20,000 வந்தாலே பெரிது. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்திருக்கிறது. ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம். ஒரு வாரத்துக்குள் 50,000 கட்டச் சொல்கிறார்கள். இருக்கிற ஆறு பவுனை அடகு வைக்கலாமா? எங்களுக்கு உதவித்தொகை ஏதும் உண்டா?

பதில்: நகையை இப்போது வைக்காதீர்கள் அம்மா. அடகுக்கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால், 50,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும். அசல் அப்படியே நிற்கும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா? நடுவில் தனியார் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ உண்டா? உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அரசுக் கல்லூரிக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. தனியார் சுயநிதிக் கல்லூரிகளிலும், மார்க் அடிப்படையில் அரசு நடத்தும் கலந்தாய்வு (கவுன்சிலிங்) வழியாக நிரப்பும் இடங்களுக்கு இது உண்டு.

ஆனால் உங்கள் மகளுக்கு இப்போது கிடைத்திருப்பது நேரடிச் சேர்க்கை. நம் ஊரில் தனியார் பல்கலைக்கழகம் என்று சொல்வதில் பெரும்பாலானவை நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகங்கள். அவை தாங்களே மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த வழியில் போனால் 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது, வீட்டின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கிடையாது. அதே பிள்ளை, அதே மார்க், அதே ஏழ்மை; சேர்கிற வழி மாறினால் அரசின் பணம் வராது. சீட் உறுதி என்று சொல்லி அவசரப்படுத்துகிறவர்கள் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யாமல் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். 7.5 சதவீதத்தில் வராவிட்டாலும், வீட்டில் இதற்கு முன் யாரும் டிகிரி படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். வருமானச் சான்றிதழும் அங்கேதான். அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகள் கணக்குக்கே வரும். நான்கு வருஷத்துக்கு 48,000. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால் பெண்களுக்கான பிரகதி உதவித்தொகை வருஷத்துக்கு 50,000. அதற்குப் போட்டி உண்டு, விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

ஒரு சின்ன விஷயத்தில் பலருக்குப் பணம் நின்றுவிடுகிறது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பல்கலைக்கழகமேதான் வேண்டும் என்று மகள் நிற்கிறாள் என்றால்? அவர்களிடம் சொந்தக் கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் எழுத்தில் வாங்குங்கள்: முதல் வருஷத்துக்கு மட்டுமா, நாலு வருஷத்துக்குமா? மார்க் குறைந்தால் நின்றுவிடுமா? ஹாஸ்டலுக்கும் சேர்த்தா?

மீதிக்குக் கல்விக் கடன்தான். தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் வரும் நிறுவனம் என்றால், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீனோ அடமானமோ இல்லாமல் கடன் கிடைக்கும். தகுதி அடிப்படையில் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு இல்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருப்பதால், அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்புக்குப் படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. அதற்கு உச்சவரம்பு உண்டு. வருஷத்துக்கு 3 லட்சம் என்று நான்கு வருஷத்துக்கு ஆகும் 12 லட்சத்துக்கும் முழுசாகக் கிடைக்காது. 12 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் அடைக்க, மாதத் தவணை சுமார் 15,900. படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆனதுமே அந்தப் பெண் தலையில் விழும் சுமை இது.

50,000 கட்டியே ஆக வேண்டும் என்றால், பணம் திருப்பித் தரும் விதியைக் கேட்டு ரசீதோடு வாங்குங்கள். 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்னபடி, செப்டம்பர் 30-க்குள் சீட்டை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். இந்த வருஷத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை அவர்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் யுஜிசி விதி. சரிபார்க்கக் காட்டிவிட்டு, அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.