செயலி வடிவமைப்பில் பயனரின் தனியுரிமையைக் காக்க ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தான் போதாதா?

போதாது. நான் இடைமுக வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். பயனர் எதையும் தொடாமல் விட்டால் மென்பொருள் தானாக என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். தனியுரிமை பெரும்பாலும் அங்கேதான் பறிபோகிறது.

2010 பிப்ரவரியில் கூகுள், ஜிமெயிலுக்குள்ளேயே ‘பஸ்’ என்ற சமூக வலைச் சேவையைத் தொடங்கியது. ஒருவர் யாருடன் அதிகம் மின்னஞ்சலும் அரட்டையும் நடத்துகிறாரோ, அவர்களை அவர் பின்தொடர்வதாக அதுவே பட்டியல் போட்டது. அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தைத் தேடிப் பிடித்து மாற்றாதவரின் பட்டியல் அவருடைய பொதுச் சுயவிவரப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எந்தக் கடிதத்தின் ஒரு வரியும் வெளியே போகவில்லை. ஆனால் ஒரு செய்தியாளர் யாரிடம் தகவல் பெறுகிறார், ஒரு நோயாளி எந்த மனநல மருத்துவருக்கு எழுதுகிறார் என்று தெரிந்தாலே கெடுதல் நடந்துவிடுமே! எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில், தானாகப் பின்தொடர வைப்பதை விட்டு, யாரைப் பின்தொடரலாம் என்ற வெறும் பரிந்துரையாக மாற்றினார்கள். 2011இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமைத் தணிக்கைக்கு உட்பட வேண்டியதாயிற்று. யாருடைய கணக்கையும் யாரும் உடைக்கவில்லை. கெடுதலைச் செய்தது வடிவமைப்பேதான்.

இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில், சக ஊழியர்கள் ஒருவரையொருவர் எளிதில் தொடர்புகொள்ள அறைகளில் கேமராவும் மைக்கும் வைத்தார்கள். விக்டோரியா பெல்லோட்டி, அபிகேல் செல்லன் என்ற இருவர் 1993இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் படிக்கச் சொல்கிறேன். நேரில் ஒருவர் நம்மைப் பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும். கேமரா வழியாகப் பார்த்தால் தெரியாது. அதனால் எது பதிவாகிறது என்பது பயனருக்குத் தெரிய வேண்டும், அதை நிறுத்தும் வழியும் அவர் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். பொது அறையில் இருந்த கேமராவை ஒரு பொம்மை மனிதனின் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். கேமரா இருப்பது தெரிந்தது, அது ஓடுகிறதா என்பது தெரியவில்லை. கேமரா பிடிக்கும் காட்சியையே பக்கத்தில் ஒரு திரையில் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. ஐபோனின் ஐஓஎஸ் 14இலும் ஆண்ட்ராய்டு 12இலும், கேமரா ஓடும்போது திரையின் மேல் ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளி அதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது என்பது எனக்கு வருத்தம்.

அனுமதி கேட்கும் நேரமும் முக்கியம். 2015இல் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை, செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். படம் எடுக்கப் போகும் நொடியில் கேமராவுக்கு அனுமதி கேட்டால் காரணம் தானே புரியும்.

நம் ஊரில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு கைபேசி ஒருவருக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்து வரையப்படும் திரைகள் நம் வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தின் செயலிக்காக வேலை செய்தபோது, “உங்கள் கர்ப்பப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது” என்ற முழு வரியும் பூட்டுத் திரையில் தெரியும்படி வரைவு இருந்தது. பதிவு செய்த எண் மாமியாருடையதாக இருக்கலாம். கைபேசி தம்பி கையில் இருக்கலாம். “அறிக்கை தயார்” என்று சுருக்கினோம். ரகசிய எண் கொடுத்து உள்ளே போன பிறகே பரிசோதனையின் பெயர் தெரியும்.

இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்கள் கைபேசியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் வந்தது. செயலிகளுக்குத் தனிப் பூட்டு போடுகிறார்கள்; தேடல் வரலாற்றில் ஒன்றிரண்டை மட்டும் அழிக்கிறார்கள். முழுவதையும் அழித்தால் வெறுமையே சந்தேகத்தைக் கிளப்பும் அல்லவா? ஆகவே ‘எல்லாவற்றையும் அழி’ என்ற ஒரே பொத்தானோடு நிறுத்திக்கொள்ளும் செயலி அவர்களுக்கு உதவாது. யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, நிறுவனம், அரசு, திருடன் என்பதோடு ‘வீட்டில் இருப்பவர்’ என்ற பதிலையும் வடிவமைப்புக் கூட்டத்தில் யாராவது எழுப்பியே ஆக வேண்டும். நான் எழுப்புகிறேன், சில சமயம் முகச்சுளிப்பும் கிடைக்கிறது.

கடைசியாக, ஒப்புதலைத் திரும்பப் பெறுவது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு ஈடாக எளிதாக இருக்க வேண்டும் என்று இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குக்கீகளை (நம்மை அடையாளம் காண இணையதளங்கள் நம் கருவியில் சேமிக்கும் சிறு கோப்புகளை) ஏற்க ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. உங்கள் செயலியில் ஒப்புதலைத் திரும்பப் பெற எத்தனை தொடுதல் ஆகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அமைப்புகள், கணக்கு, உதவி மையம், மின்னஞ்சல் என்று அலைய வைக்கும் திரையை, வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் நான் வரைந்து கொடுப்பதில்லை.