மட்டக்களப்பில் இருக்கும் வீட்டை ஸ்மார்ட் ஆக்க எதில் தொடங்குவது?

கேள்வி: கல்லடியில் எங்கள் பழைய வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் கட்டாரில் வேலை. லைட், தண்ணி மோட்டர் எல்லாவற்றையும் போனில் இருந்து இயக்குகிற மாதிரிச் செய்ய ஆசை. உண்மையில் பிரயோசனம் உண்டா? எதில் தொடங்கலாம்?

பதில்:

பிரயோசனம் நிறைய உண்டு. ஆனால் நிறம் மாறும் பல்ப் வாங்கித் தொடங்காதீர்கள். தண்ணி மோட்டரில் தொடங்குங்கள்.

வயதான இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நாளாந்தம் ஆள் எழும்பிப் போய்ச் செய்ய வேண்டிய கரண்ட் வேலை அது ஒன்றுதான். தாங்கி நிரம்பிவிட்டதா என்று முற்றத்தில் நின்று பார்க்க வேண்டும். மறந்தால் தண்ணி வழியும். 1 எச்பி மோட்டர் ஒரு மணித்தியாலம் வீணாக ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் போய்விடும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வகையே மாறுவதால், அந்த 60 யூனிட்டின் கரையில் நிற்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆடி, ஆவணியில் கிணற்றுத் தண்ணி இறங்கும்போது மோட்டர் வெறுமையாகச் சுழன்று சீல் எரிவது இன்னொரு செலவு.

வேலை தொடங்க முன் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை இல்லாவிட்டாலும் அம்மா சுவர் சுவிட்சைத் தட்டினால் லைட் எரிய வேண்டும், மோட்டர் ஓட வேண்டும். இதை மீறுகிற எந்தச் சாமானும் அந்த வீட்டுக்கு வேண்டாம்.

மோட்டருக்கு வருவோம். ஸ்மார்ட் சுவிட்சில் 10 அம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மோட்டரை நேராக அதில் கொடுப்பதுதான் பலரும் விடுகிற பிழை. 1 எச்பி மோட்டர் ஓடும்போது 5 முதல் 7 அம்பியர்தான் எடுக்கும்; ஸ்டார்ட் ஆகிற அந்தக் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன ரிலேயின் (கரண்டால் இயங்குகிற சுவிட்ச்) முனைகள் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். போனில் 'ஓஃப்' என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே நடுவில் கொன்டாக்டர், அதாவது மோட்டரின் பெரிய கரண்டைத் தாங்கித் திறந்து மூடுகிற பெரிய ரிலே, கட்டாயம். மோட்டருக்கென்று தனி 16 அம்பியர் எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக விழுகிற பிரேக்கர்), 'சி' வகை. அதிலிருந்து 12 அம்பியர் கொன்டாக்டர், பிறகு ஓவர்லோட் ரிலே (மோட்டர் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்துகிற சாமான்), பிறகு மோட்டர். ஓவர்லோட்டை மோட்டரின் தகட்டில் எழுதியிருக்கும் அம்பியருக்கு வையுங்கள். ஓவர்லோட் ரிலே மூன்று பேஸுக்குச் செய்த சாமான். ஒற்றை பேஸ் மோட்டருக்குப் போடும்போது கரண்ட் மூன்று முனைகள் வழியாகவும் வரிசையாகச் சுற்றிப் போகிற மாதிரி இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பேஸ் இல்லை என்று நினைத்து, காரணம் தெரியாமல் அடிக்கடி விழும்.

தாங்கிக்குள் மிதவை சுவிட்ச் ஒன்று, கிணற்றுக்குள் ஒன்று. குளிக்கிற, சமைக்கிற தண்ணிக்குள் 230 வோல்ட் வயரைத் தொங்கவிடுவதை நான் எந்த வீட்டுக்கும் சொல்லமாட்டேன். அதனால் 24 வோல்ட் கொயில் (கொன்டாக்டரை இழுக்கிற காந்தச் சுருள்) உள்ள கொன்டாக்டரும், 50 வீஏக்குக் (ட்ரான்ஸ்போமரின் வலு அளவு) குறையாத ட்ரான்ஸ்போமரும் வாங்குங்கள். ட்ரான்ஸ்போமர் சின்னதாக இருந்தால் கொன்டாக்டர் முழுதாக இழுபடாமல் நின்று நடுங்கும். 24 வோல்ட் வயர் ஸ்மார்ட் ரிலே, ஓவர்லோட்டின் 95-96 முனை (ஓவர்லோட் விழுந்தால் திறக்கிற சோடி), தாங்கி மிதவை, கிணற்று மிதவை, கொயில் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். நடுவில் எது திறந்தாலும் மோட்டர் நிற்கும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஸ்மார்ட் ரிலே தன்னுடைய கரண்டை வெளியே அனுப்பாமல் இரண்டு முனைகளை மட்டும் சேர்த்துப் பிரிக்கிற வகையாக இருக்க வேண்டும். ஷெலி 1 என்ற மொடல் அப்படிப்பட்டது. சோனோஃப் பேசிக் என்ற சாதாரண மொடல் அப்படி இல்லை. அந்த ரிலேயின் இரண்டு முனைக்கும் சமாந்தரமாக ஒரு சாதாரண சுவிட்ச் வையுங்கள். வைஃபை இல்லாத நாளில் அப்பா அதைப் போட்டால் மோட்டர் ஓடும், மிதவைகள் அப்போதும் காவல் நிற்கும்.

மிதவையில் மூன்று வயர் வரும். நிறத்தை நம்பாதீர்கள், மல்ட்டிமீற்றரை வைத்து, மிதவையைத் தூக்கியும் தொங்கவிட்டும் எந்த இரண்டு வயர் சேர்கிறது என்று பாருங்கள். தாங்கியில் போடுகிற மிதவைக்கு, அது மேலே எழும்பினால் பிரிகிற சோடி வேண்டும்; கிணற்றில் போடுகிற மிதவைக்கு, அது கீழே தொங்கினால் பிரிகிற சோடி வேண்டும்.

அப்பில் இரண்டு அமைப்பு முக்கியம். கரண்ட் போய் வந்தால் ரிலே 'ஓஃப்' நிலையில் இருக்க வேண்டும். சில சாமான்கள் பழைய நிலைக்கே திரும்பும், ஆள் இல்லாத நேரம் மோட்டர் தானாகத் தொடங்கும். அடுத்தது, தானாக நிற்கும் நேரம். வெறும் தாங்கி நிரம்ப எடுக்கிற நிமிடத்தை அளந்து, அதற்கு மேல் பத்து நிமிடம் வையுங்கள். மிதவை சிக்கிக்கொண்டாலும் மோட்டர் தப்பும்.

இதையெல்லாம் அடைக்கிற பெட்டி ஐபி 65 (தூசியும் தெறிக்கிற தண்ணியும் புகாத தரம்) ஆக இருக்கட்டும், வயர்கள் அடிப்பக்கத்தால் உள்ளே போகட்டும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் கடற்காற்றின் உப்பு செம்பில் பச்சை பிடிக்க வைக்கும். முனை இளகி, சூடாகி, கருகும். எறும்பும் பல்லியும் அதைவிட மோசம். கொன்டாக்டரின் முனைக்கு இடையில் நசிந்த ஓர் எறும்பு போதும், அது இரைந்துகொண்டே இருக்கும், மோட்டர் விட்டுவிட்டு ஓடும். வயர் நுழைகிற ஓட்டையெல்லாம் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கி ஓட்டையை அடைக்கிற மூடி) போட்டு இறுக்குங்கள்.

இனி லைட். சுவர் சுவிட்சுக்குப் பின்னால் வைக்கிற சின்ன ஸ்மார்ட் மொடியூல்தான் நல்லது, பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். பழைய வீடுகளில் தடை, மொடியூலுக்குத் தேவையான நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) சுவிட்சில் இல்லாமல் இருப்பது. மெயின் சுவிட்சை நிறுத்தி, சுவிட்சுக்குப் பின்னால் சுவருக்குள் இருக்கும் சங்க் பொக்ஸைத் திறந்து பாருங்கள். ஒரு சுவிட்சுக்கு இரண்டே வயர் என்றால் அங்கே நியூட்ரல் இல்லை. அது நேராக பல்ப்புக்குப் போயிருக்கும். அப்படியானால் மொடியூலைக் கூரைப் பக்கம், பல்ப் ஹோல்டர் அருகே வையுங்கள். நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் சுவிட்சுகளும் உண்டு. ஆனால் அவற்றில் சின்ன எல்ஈடி பல்ப் நிறுத்திய பிறகும் மங்கலாக மினுங்கும். கூட வருகிற கப்பாசிட்டரை பல்ப்புக்குக் குறுக்கே போட்டால்தான் நிற்கும். ஏர்த் வயரை நியூட்ரலாகப் பாவிக்கச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ட்ரிப் சுவிட்ச் விழுவது ஒரு பக்கம், எங்காவது ஏர்த் விட்டுப்போனால் அதில் பொருத்திய சாமான்களின் இரும்பு உடம்பில் கரண்ட் வரும். வயர் வேலையை என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீசியனிடமே கொடுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அமர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் பாத்ரூம் வழிக்கு ஆள் அசைந்தால் எரிகிற லைட் ஒன்று, கேட்டுக்கு மாலையில் எரிந்து விடிய அணைகிற லைட் ஒன்று. இராவில் இருட்டில் தடுக்கி விழாமல் இருப்பதற்கு அந்த முதலாவது லைட்டைப் போல மலிவான பாதுகாப்பு வேறு இல்லை. அதற்கு வைஃபை கூட வேண்டாம், சாதாரண சென்சர் ஹோல்டர் போதும். எல்லா அறைக்கும் ஓடாதீர்கள். ஒவ்வொரு மொடியூலும் சும்மா இருக்கும்போதே ஒரு வோட் வரை எடுக்கும். இருபது போட்டால் மாதம் பதினான்கு யூனிட் வரை அதற்கே போகும். பேனுக்கு லைட்டின் டிமர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற) மொடியூலைப் போட வேண்டாம், இரையும், சூடாகும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு டிபி பெட்டிக்குள் (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) டைப் 2 எஸ்பிடி, அதாவது மின்னலால் வரும் திடீர் வோல்ட்டேஜை ஏர்த்துக்கு அனுப்புகிற சாமான், ஒன்று போட வேண்டும். அது நல்ல ஏர்த் இருந்தால்தான் பயன் தரும். கரையோர மணல் காய்ந்தால் ஏர்த் கம்பி பெயருக்குத்தான் நிற்கும். ஈர மணலைத் தொடும் ஆழத்துக்கு இறக்கி, மீற்றரில் 10 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

ரூட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வேண்டும். வாங்க முன் ரூட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மொடியூல்கள் 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும்தான் சேரும், 5 இல் சேராது. ஸ்மார்ட் லைஃப் அப் பாவித்தால் நீங்களும் அப்பாவும் அக்கவுண்ட் திறக்கும்போது ஒரே நாட்டைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் வீட்டைப் பகிர்வதில் சிக்கல் வரும். கட்டாரிலும் 240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்பதால் அங்கே வாங்கும் சாமான் இங்கே ஓடும். வீட்டுச் சாமான்களை ஒரே இடத்தில் இருந்து இயக்குகிற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், அதை ஓட்டுகிற ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி எல்லாம் ஆறு மாதம் இது ஒழுங்காக ஓடிய பிறகு யோசிக்கலாம். அப்போதும் அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் எஸ்டி கார்டில் ஓட விடாதீர்கள், பழுதாகும், எஸ்எஸ்டி போடுங்கள்.

பிறகு ஒரு நாள் கம்பனிக்காரர் வந்து ரூட்டரை மாற்றுவார். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புது ரூட்டரில் போடச் சொல்லி, இரண்டையும் டிபி பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டிவையுங்கள். அப்படிச் செய்தால் எல்லா மொடியூலும் தானாகச் சேரும்; இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் முதலில் இருந்து இணைக்க வேண்டும், அதை டோகாவில் இருந்து செய்ய முடியாது.